தடசருக்கு நாற்பது சதவீதம்

ஒரு இனத்தையே அழிச்சுட்டாங்ணா. போன புதன்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாடி. ஆம்பளை, பொம்பளை, குஞ்சு குளுவான், ஆடு மாடு, குடிசை, கும்பிடற கல்லு, ஒண்ணு மிச்சமில்லை. அழிச்சது யாருங்கறீங்க? எங்க பிரபா மேடம். ஒரு பட்டனை அமுக்குனாங்க, கையைக் கழுவுனாங்க, டப்பாவைத் திறந்து தயிர்சாதம் சாப்பிட உக்காந்துட்டாங்க.

ஐயையோ, எந்திரிக்காதீங்க, உக்காருங்க. கேம்ல சொல்றனுங்க. கம்ப்யூட்டர் கேம். கண்டக்டரைக் கூப்பிட்டுக் கீப்பிட்டு வச்சுறாதீங்க. என் பேரு யுகேந்திரன், பெருந்துறைப் பக்கம். கோயமுத்தூர்ல ஒரு கேம் கம்பெனியில டிசைனர். டிசைனர்னா படம் வரையறவன்னு நினைச்சுக்காதீங்க. யாரு யாரை எவ்வளவு நேரத்துல கொல்லலாம்னு கணக்குப் போடறவன்.

எங்க கேம் பேரு கோட்டை கொத்தளம். சுலபம்ங்ணா. நீங்க ஒரு கூட்டத்தை எடுத்துக்குவீங்க, நான் ஒரு கூட்டத்தை எடுத்துக்குவேன். குடிசை கட்டணும், ஆளைப் பெருக்கணும், படை சேர்க்கணும், எதிராளி ஊரைக் கொளுத்தணும். யாரு ஊரு மொத்தமா போகுதோ அவன் தோத்தான். ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு தனித் திறமை இருக்கும். சோழருக்கு யானைப்படை. யானை தலையை மிதிக்கற சத்தத்துக்கு ஒரு வாரம் மண்டையை உடைச்சோம். கடைசியில தர்பூசணியைத் தூக்கி டைல்ஸ் தரையில போட்டு ரெக்கார்டு பண்ணுனோம். கேட்டீங்கன்னா சோறு இறங்காது, அவ்வளவு அருமையா வந்துச்சு.

இந்த வருஷம் மேடம் புதுசா ஒரு கூட்டம் வேணும்னாங்க. யாரும் பார்த்திராத கூட்டமா இருக்கணும், ராஜாவைப் பார்த்துப் பார்த்துச் சலிச்சுப் போச்சுன்னாங்க. நான்தான் சொன்னேன், தடசர்னு. கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க. மலைமேல மொத்தமே நாலஞ்சு ஊரு. தேனெடுப்பாங்க, கிழங்கு தோண்டுவாங்க. எங்க தாய்மாமன் லாரி ஓட்டறப்ப அவங்க ஊர்ல ஒரு தடவை தங்கியிருக்காரு, அப்படித்தான் எனக்குத் தெரியும்.

கேமை ஆடிப் பார்த்துக் குறை சொல்ற டெஸ்டர் ஒருத்தன் இருக்கான், ஜெரால்டுன்னு. அவன் சிரிக்கறான். "இவங்களுக்கு ராஜா இல்லை, கோட்டை இல்லை, யார்கூடவும் சண்டை போட்டதே இல்லை. இவங்களை வச்சு என்ன பண்றது, யுகி? கிழங்கு அவிச்சுத் தின்னு ஜெயிக்கறதா?"ங்கறான். எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். ஒரு இனத்தைப் பத்தி இப்படிப் பேசலாமுங்களா? கையில எவர்சில்வர் தண்ணி பாட்டில் இருந்துச்சு. எறிஞ்சேன். லேசாத்தான். புருவத்துல ரெண்டு தையல். அவங்களுக்காக அந்த ஆபீஸ்ல ரத்தம் சிந்தவச்ச ஒரே ஆளு நான்தான், அதை யாரும் இன்னிக்குப் பேச மாட்டேங்கறாங்க.

அப்புறம் நேரா மலைக்குப் போயிட்டேன். மத்த டிசைனர் எல்லாம் நெட்ல பார்த்துப் பண்ணுவாங்க. நான் அப்படி இல்லீங்க, ஆளைப் பார்த்துக் கேட்டுத்தான் பண்ணுவேன். அங்க கேத்தன்னு ஒருத்தரு. அம்பத்தஞ்சு வயசு இருக்கும், நல்ல திடகாத்திரம். போனை ரெக்கார்டுல போட்டுட்டுக் கேட்டேன். நீங்க போருக்குப் போயிருக்கீங்களா? இல்லை. உங்க அப்பா? இல்லை. என்ன ஆயுதம் வச்சிருக்கீங்க? தேனடை அறுக்கற கத்தி, கிழங்கு தோண்டற கம்பி. சாமிக்கு நரபலி கிரபலி? கோழி அடிப்போம் சாரு. எனக்கு அழுகையே வந்திருச்சுங்ணா. ஜெரால்டு சொன்னது சரியாப் போயிரும் போல இருந்துச்சு.

கடைசியா ஒண்ணு கேட்டேன். சரி, உங்க மேல யாராச்சும் சண்டைக்கு வந்திருக்காங்களா?

அந்தாளு கையில இருந்த பீடி தானா அணைஞ்சு போச்சு. அப்புறம் ஆரம்பிச்சாரு. அப்ப அவருக்குக் கல்யாணமாகி ரெண்டு வருஷமாம். எவனோ ஒரு கடத்தல்காரனைத் தேடிக்கிட்டு துப்பாக்கியோட வந்திருக்காங்க. யாருங்கறது பஸ்ல பேசற விஷயமில்லை. அவனுக்குச் சோறு போட்டது யாரு, யாருன்னு கேட்டுக் கேட்டு அடிச்சிருக்காங்க. ஆம்பளைகளை ஜல்லி மேல முட்டி போடவச்சு, துப்பாக்கிக் கட்டையால முட்டியை உடைச்சிருக்காங்க. ஒருத்தருக்குக் கொறடால நகத்தைப் பிடுங்கியிருக்காங்க. கேத்தனோட தம்பியைத் தலைகீழாக் கட்டித் தொங்கவிட்டு, மிளகாய்ப்பொடி தூவின துணியைக் கீழ கொளுத்திப் போட்டிருக்காங்க. அந்தத் தம்பி அப்புறம் பேசவே இல்லையாம், சாகற வரைக்கும். கடைசியா கூரைக்குத் தீ வச்சிருக்காங்க.

"நாங்க ஓடுனோம் சாரு"ன்னாரு. "எங்க காலுக்கு அத்தனை வேகம் இருக்குன்னு அன்னிக்குத்தான் எங்களுக்கே தெரியும். தீ பின்னால வர வர வேகம் கூடிக்கிட்டே இருந்துச்சு."

எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சுங்ணா! கிடைச்சுருச்சு! எந்தக் கூட்டத்துக்கும் இல்லாத திறமை, அந்தாளு வாயிலேயே வருது! அவரு, "ஆனா சாரு, எம் பொண்டாட்டி..."ன்னு மறுபடி என்னமோ ஆரம்பிச்சாரு. எனக்குக் கடைசி பஸ்ஸு. ரெக்கார்டை நிறுத்திட்டு, இன்னொரு நாள் வந்து கேட்டுக்கறேன்னு சொல்லிட்டு ஓடியாந்துட்டேன்.

திறமைக்குப் பேரு தீயோட்டம். தடசர் குடிசை எரிஞ்சா, மிச்சம் இருக்கற தடசர் அத்தனை பேருக்கும் நாற்பது சதவீதம் வேகம் கூடும், அடியும் பலமா விழும். உள்ள எத்தனை பேரு சாகறாங்களோ, அதுக்குத் தகுந்த மாதிரி இன்னும் கொஞ்சம் கூடும். துக்கத்துக்கு ஏத்த வேகம்னு நினைச்சுப் பண்ணுனேன். மரியாதைங்ணா அது! மொதல் டெஸ்ட்ல சோழக் குதிரைக்காரங்க வந்து ஊரைக் கொளுத்தறாங்க. காட்டுக்குள்ள இருந்து தடசர் கண்ணு சிவந்து வர்றாங்க, தேன்கத்தியோட. குதிரை வயித்தைக் கிழிச்சுக் குடலை உருவிப் போடறாங்க. ஒரு கிழவி ஒரு தளபதி கண்ணுல கம்பியைச் செருகறா. நான் அழுதுட்டேன். அந்த மக்களுக்கு முப்பது வருஷமா யாரும் வாங்கித் தராத நியாயத்தை நான் வாங்கித் தந்துட்டேன்னு இருந்துச்சு.

கேம் வந்துச்சு. தலையில தூக்கிவச்சு ஆடுனாங்க. ஆபீஸ்ல கேக் வெட்டுனோம். குடிசை மாதிரி கேக்கு, மேல சிவப்பு க்ரீம்ல தீ.

அங்கதான் ஒரு சின்னச் சறுக்கல். நீங்க படிச்சவரு மாதிரி இருக்கீங்க, உங்களுக்குப் புரியும். விதியை எழுதறப்ப 'குடிசை எரிஞ்சா'ன்னு எழுதிட்டேன். 'எதிரி எரிச்சா'ன்னு எழுதலை. ஒரு வார்த்தைங்ணா. எந்தப் பைத்தியக்காரன் தன் குடிசையைத் தானே எரிப்பான்னு யாருக்குத் தோணும்?

ஆடறவனுக்குத் தோணுச்சு. தன் ஊர்ல நாலு குடிசை கட்டறான், உள்ள ஆளை அடைக்கறான், தானே கொளுத்தறான். வேகம் நூறு, நூத்தம்பதுன்னு ஏறுது. மிச்சம் இருக்கற நாலு பேரு சோழர் கோட்டையைக் காகிதம் மாதிரி கிழிக்கறாங்க. அதையும் ஒருத்தன் மெருகேத்துனான் பாருங்க. ஒரு குழந்தை யூனிட்டு, அதாவது கேம்ல வர்ற குழந்தை, அதை உண்டாக்கக் கிழங்கு கம்மியாச் செலவாகும், அதனால குழந்தையா நிறையப் பெத்து உள்ள போட்டுக் கொளுத்துங்கன்னு வீடியோ போட்டான். பல லட்சம் பேரு பார்த்தாங்க. தப்புதான், ஆனா அவன் மூளையைப் பாராட்டணுமா இல்லீங்களா? நாங்க பத்து பேரு உக்காந்து யோசிச்சும் எங்களுக்கு வரலையே.

ஜெரால்டு வந்து நின்னான், புருவத்துல தழும்போட. "யுகி, நாற்பதைப் பதினஞ்சாக் குறைச்சுரு, தானா நின்னுரும்"ன்னான். நான் முடியவே முடியாதுன்னுட்டேன். அவங்க பட்டதுக்குப் பதினஞ்சுதானா? நகத்தைப் பிடுங்கி, முட்டியை உடைச்சு, அதுக்குப் பதினஞ்சா? மனசாட்சின்னு ஒண்ணு இருக்குல்லங்க.

அப்புறம் இந்தக் கேமை ஆடற நாலு நாய்ங்க. பைக்கை எடுத்துக்கிட்டு நிஜ ஊருக்கே போயிட்டானுங்க. பெட்ரோல் கேனோட. நிஜமாவே வேகம் கூடுதான்னு பார்க்கறானுங்களாம். ஓரத்துல இருந்த குடிசைக்குத் தீ வச்சுட்டு, எல்லாரும் ஓடறதை வீடியோ எடுத்து, கீழ எங்க கேம்ல வர்ற மாதிரியே வேகத்தை நம்பராப் போட்டு நெட்ல ஏத்தியிருக்கானுங்க. உள்ள ஒரு பொண்ணு காய்ச்சலோட படுத்திருந்திருக்கு. முதுகும் ரெண்டு கையும் வெந்து போச்சு. தோலு பாயோட ஒட்டிக்கிட்டு வந்துச்சாம். இன்னும் ஆஸ்பத்திரியிலதான் இருக்கு. நாலு பேரையும் பிடிச்சு உள்ள போட்டாங்க, போடணும், தோலை உரிச்சிருந்தாலும் நான் கேட்க மாட்டேன். ஆனா எல்லாரும் என்னைத் திட்டறாங்க பாருங்க, அதுதான் எனக்கு விளங்கலை. தீப்பெட்டி கம்பெனிக்காரனை யாராச்சும் ஒரு வார்த்தை கேட்டாங்களா?

மேடம் என்னைக் கூப்பிட்டு, கதவைச் சாத்திட்டுச் சொன்னாங்க. "யுகேந்திரன், ஒண்ணு அந்த ஊர்க்காரங்களே கேமை ஆடி, எங்களுக்குச் சந்தோஷம்னு சொல்ற மாதிரி ஒரு வீடியோ கொண்டுவாங்க. இல்லைன்னா தடசரைத் தூக்கிருவேன்." தூக்கறதுன்னா மொத்தமா அழிக்கறது. நான் பெத்தெடுத்த கூட்டம்ங்ணா. அவங்க பொழைக்கறதும் சாகறதும் அந்த வீடியோவுலதான் இருந்துச்சு. கேமராக்காரன் ஒருத்தனையும் ஒரு டேப்லெட்டையும் கொடுத்து அனுப்புனாங்க.

போனோம். எரிஞ்ச குடிசை அப்படியே கெடக்கு, கரி நாத்தம். ஒரு வாய் தண்ணி கொடுக்கலைங்க யாரும். அவ்வளவு தூரம் மலையேறி வந்தவனுக்கு. கேத்தனோட மக கெம்பின்னு ஒரு பொண்ணு, அங்கன்வாடியில வேலை. அது முன்னால வந்து நிக்குது.

"எதுக்கு சார் மறுபடி வந்தீங்க?"ங்குது.

"உங்க அப்பா ஒரு ஆட்டம் ஆடிப் பார்க்கட்டும்மா. பார்த்தாத்தான் தெரியும், உங்களை எவ்வளவு பெரிய ஆளாக் காட்டியிருக்கேன்னு."

"அவருக்கு எதுக்கு சார் இதெல்லாம்? போயிருங்க."

கேத்தன்தான் கையை நீட்டுனாரு. "கொண்டா சாரு"ன்னாரு. கயித்துக்கட்டில்ல உக்காந்து டேப்லெட்டை மடியில வச்சுக்கிட்டாரு. சொல்லிக் கொடுத்தேன். ஆள் மேல விரலை வச்சு இழுத்தா, இழுத்த பக்கம் போகும். விரலை வச்சுக்கிட்டே இருந்தா அங்கயே நிக்கும். விரலை எடுத்துட்டு வேற வேலை கொடுக்கலைன்னா, சும்மா நிக்கற ஆளு தானா குடிசைக்குத் திரும்பிப் போயிரும். அது ஆடறவங்க வசதிக்காகப் பண்ணுனது. இந்தத் தீப்படத்தைத் தொட்டா குடிசை எரியும், அப்புறம் பாருங்க வேடிக்கையைன்னேன்.

அவரு உத்துப் பார்த்தாரு. "இது எங்க பழைய ஊராச்சே"ன்னாரு. எனக்குப் பெருமை தாங்கலை. மரம், கல்லு, கிணறு எல்லாம் அந்தந்த இடத்துலயே வச்சிருந்தேன், முதல் தடவை வந்தப்ப அவரு சொன்னது அத்தனையும். ஊரு ஆளுக எல்லாம் அவரைச் சுத்தி நின்னுக்கிட்டாங்க.

சோழப்படை கிழக்கால இருந்து வருது. இந்தாளு என்ன பண்றாரு தெரியுங்களா? படை சேர்க்கலை. ஒவ்வொரு ஆளா விரலால இழுத்துக் காட்டுக்குள்ள கொண்டுபோய் விடறாரு. குழந்தை, கிழவி, ஆடு, ஒண்ணு விடலை. நான் சொல்றேன், "அப்படி இல்லீங்க, உள்ள விடுங்க, கொளுத்துங்க, ஜெயிச்சுருவீங்க." காதுலயே வாங்கலை. எல்லாத்தையும் வெளிய கொண்டுவந்துட்டாரு. மத்ததெல்லாம் காட்டுல கிழங்கு தோண்ட, மேய ஆரம்பிச்சுருச்சு, பச்சைச் சேலை கட்டுன ஒரே ஒரு பொம்பளை யூனிட்டுக்கு மட்டும் நான் காட்டுல வேலை வைக்கலை, அது சும்மா நின்னுச்சு பாருங்க, அது திரும்பி நடக்க ஆரம்பிச்சுருச்சு. சோழப்படை கொளுத்தி எரியற குடிசைக்குள்ள போயிருச்சு.

"மசணி!"ன்னு கத்துனாரு. அந்த மலையே கேட்டிருக்கும்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. கெம்பி என் பக்கம் திரும்பல. தரையைப் பார்த்துக்கிட்டே சொல்லுச்சு. "எங்க அம்மா பேரு. அன்னிக்கு அம்மா வெளிய வந்துட்டாங்க. உள்ள கன்னுக்குட்டி கட்டிக் கெடந்துச்சுன்னு அவுத்துவிடத் திரும்பிப் போனாங்க. அப்பா என்னையத் தூக்கிக்கிட்டு ஓடிக்கிட்டு இருந்தாரு. அவங்க பின்னாடியே வர்றாங்கன்னு நினைச்சுட்டாரு."

ஓ, அப்படிங்களான்னேன். வேற என்ன சொல்றது? சோகம்தான். ஆனா சோகத்தை நம்பரா மாத்த முடியாதுல்லங்க. "இது அது இல்லம்மா, இது சும்மா நிக்கற ஆளு திரும்பிப் போற விதி"ன்னு விளக்கமாச் சொன்னேன்.

மறுபடி ஆடுனாரு. மறுபடி அவ திரும்பிப் போனா. மறுபடி. அவளை மொதல்ல கொண்டுபோனாலும் சரி, கடைசியாக் கொண்டுபோனாலும் சரி, மத்தவங்களைப் பார்க்கறதுக்குள்ள அவ திரும்பிருவா. அந்தாளு நெத்தி நரம்பு புடைச்சுக்கிட்டு நிக்குது. "அவளை நிறுத்து சாரு"ங்கறாரு.

"நிறுத்த முடியாதுங்க. ப்ரோக்ராம் அப்படி."

"நீதான பண்ணுன. நிறுத்து."

கேமராக்காரன் வேற வெயில் இறங்குது, சீக்கிரம்ங்கறான். எனக்கு வேண்டியது ஒரே ஒரு சிரிப்பு. ஜெயிச்சா மனுசன் சிரிச்சுத்தான ஆகணும்? அதனால அவரு கையைப் பிடிச்சேன். விரலை நீட்டி, தீப்படத்து மேல நானே வச்சு அமுக்குனேன். அந்த நேரம் பார்த்து அவ உள்ள நிக்கறா. குடிசை பத்திக்கிச்சு. வேகம் ஏறுச்சு. காட்டுக்குள்ள இருந்து தடசர் பாஞ்சு வந்து சோழப்படையைக் கண்டந்துண்டமா வெட்டிப் போட்டாங்க. பறை முழங்குது, மேல இருந்து பூ கொட்டுது, கொட்டை எழுத்துல 'வெற்றி'ன்னு வருது. நான் கேமராவைப் பார்த்துக் கை தட்டுனேன்.

கட்டிலுக்கு அடியில அந்தக் கிழங்குக் கம்பி இருந்திருக்கு. மொதல் அடி மணிக்கட்டுல. எலும்பு முறியற சத்தம் எனக்கே கேட்டுச்சு. ரெண்டாவது வாயில. முன்பல்லு மூணு போச்சு, ஒண்ணை முழுங்கிட்டேன். கீழ விழுந்தப்புறம் முதுகுல, தொடையில, எண்ணலைங்க. ஒரு ஆளு, ஒரே ஒரு ஆளு வந்து தடுக்கலை. கெம்பிதான் கடைசியில அவரு இடுப்பைக் கட்டிப் பிடிச்சு இழுத்துச்சு. கேம்ல அந்தக் கம்பிக்கு நாலு புள்ளி சேதம்னு போட்டிருந்தேன். நாலு ரொம்பக் கம்மிங்ணா.

ஜெயிக்கவச்சதுக்கு அடி. நீங்களே சொல்லுங்க, இது எந்த ஊரு நியாயம்?

கேமராக்காரன் எனக்குக் கை கொடுக்காம எல்லாத்தையும் எடுத்துட்டான். அதைப் பார்த்துட்டுத்தான் மேடம் பட்டனை அமுக்குனாங்க. அடிச்சதைப் பார்த்துட்டுன்னா ஒரு அர்த்தம் இருக்கு, எம் மேல பாசம்னு எடுத்துக்கலாம். கேட்டேன். அது இல்லையாம். அதுக்கப்புறம் நடந்ததைப் பார்த்தாங்களாம்.

அதுக்கப்புறம் என்ன பெருசா நடந்துச்சு? ஒண்ணுமில்லை. கம்பியைப் போட்டுட்டு அந்தாளு மறுபடி கட்டில்ல உக்காந்தாரு. ஆட்டத்தை மொதல்ல இருந்து ஆரம்பிச்சாரு. நான் மண்ணுல கெடந்தபடியே பார்க்கறேன், வாயெல்லாம் ரத்தம். இந்தத் தடவை வேற யாரையும் தொடவே இல்லீங்க. குழந்தை இல்லை, கிழவி இல்லை. அந்தப் பச்சைச் சேலைக்காரி மேல மட்டும் விரலை வச்சாரு. இழுத்துக்கிட்டே போனாரு, காட்டைத் தாண்டி, ஓடையைத் தாண்டி, மேப் முடிஞ்சு அந்தப் பக்கம் வெறும் கறுப்பா இருக்குமே, அந்த ஓரம் வரைக்கும். யானை வந்துச்சு. ஊர்ல இருந்த அத்தனை பேரையும் மிதிச்சுச்சு, அந்தத் தர்பூசணிச் சத்தம் ஒண்ணு மேல ஒண்ணாக் கேக்குது. ஊரே எரியுது. அந்தாளு அந்தப் பக்கம் பார்க்கக்கூட இல்லை. 'தோல்வி'ன்னு எழுத்து வந்துச்சு. பறை நின்னுருச்சு. அவரு விரலை எடுக்கலை.

எனக்குப் பொறுக்கலைங்ணா. உடைஞ்ச வாயோட சொன்னேன், "ஆட்டம் முடிஞ்சு போச்சுங்க. தோத்துட்டீங்க. கையை எடுங்க"ன்னு.

அவரு டேப்லெட்டை விட்டுத் தலையைத் தூக்கலை. கோவமாக்கூடச் சொல்லலை.

"எடுத்தா திரும்பிப் போயிருவா, சாரு"ன்னாரு.